இரண்டு ஆண்டுப் படிப்பும் இருபது ஆண்டு மரமும்

(தோட்டக்கலை முதுநிலை வகுப்புத் தொடக்க நாளில் மாணவர், பெற்றோர், விவசாயிகள் முன்னிலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முதுநிலைப் படிப்பைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். எந்தப் பாடத்தை எடுக்கலாம், எந்தத் தேர்வுக்கு எப்போது விண்ணப்பிக்கலாம் என்பதையெல்லாம் உங்கள் சீனியர்கள் என்னைவிட நன்றாகச் சொல்லிவிடுவார்கள். நான் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் படிப்பு இரண்டு ஆண்டு. நீங்கள் படிக்கப்போகிற பயிர்கள் பல இரண்டு ஆண்டில் பூவே எடுக்காது. ஒட்டு மாங்கன்று நட்டால் கணக்காகக் காய்க்க நான்கைந்து ஆண்டு ஆகும். கொட்டை போட்டு வளர்த்தால் இன்னும் கூடுதல். தென்னை, பாக்கு, புளி எல்லாம் அப்படித்தான். மரத்தின் காலமும் பட்டத்தின் காலமும் ஒத்துப்போகவில்லை. இதை எப்படிச் சரிசெய்வது என்பதுதான் தோட்டக்கலை முதுநிலைப் படிப்பின் முதல் கேள்வி என்பது என் கருத்து.

நீங்கள் வந்து சேர்ந்திருக்கும் இடம் புதிய இடமல்ல. சைதாப்பேட்டையில் 1868-இல் தொடங்கிய விவசாயக் கல்வி 1906-இல் கோயம்புத்தூருக்கு மாறி, 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. இன்று தோட்டக்கலைக்கென்று கோவையில், பெரியகுளத்தில், பெண்களுக்கென்றே திருச்சி நாவலூர் குட்டப்பட்டில் கல்லூரிகள் இருக்கின்றன. பழ அறிவியல், காய்கறி அறிவியல், மலரியல், நறுமணப் பயிர்களும் மலைத்தோட்டப் பயிர்களும் என்று துறைகள் பிரிந்திருக்கின்றன. அந்த வரலாறு பெரிது. இன்றைக்கு இது போதும்.

இப்போது உங்கள் இரண்டு ஆண்டைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். எம்.எஸ்சி.க்கு மொத்தம் 70 கிரெடிட். அதில் 30 ஆய்வுக்கு மட்டும். பாதிக்குச் சற்றுக் குறைவு, ஆனால் உங்கள் வாழ்க்கையில் நிற்கப்போவது அந்த 30 தான். முதல் பருவம் பெரும்பாலும் வகுப்பில் போய்விடும். ஆலோசனைக் குழு அமைந்து, தலைப்பு முடிவாகி, ஆய்வுத் திட்டத்துக்கு ஒப்புதல் வாங்குவதற்குள் சில மாதம் கழிந்துவிடும். கடைசிப் பருவத்தில் புள்ளியியல், எழுத்து, திருத்தம், பைண்டிங், வைவா. நடுவில் வயலில் நிற்கக் கிடைப்பது ஏறத்தாழ ஒரு வருடம்.

ஒரு வருடத்தில் என்ன செய்யலாம்? தக்காளிக்கு இலைவழி நுண்ணூட்டம் தெளிக்கலாம். செவ்வந்திக்கு நடவு இடைவெளி பார்க்கலாம். கொத்தமல்லியில் ரகங்களை ஒப்பிடலாம். இவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆய்வு முறையைக் கற்றுக்கொள்ள ஒரு பருவப் பயிர் நல்ல பள்ளிக்கூடம். நிலத்தை பிளாக்காகப் பிரித்து, ட்ரீட்மென்ட்டுகளைக் குலுக்கிப் போட்டு, ரெப்ளிகேஷன் வைத்து, ஓரச் செடிகளை விலக்கி, நடுச் செடிகளில் மட்டும் அளவெடுக்கும் ஒழுங்கை அங்கேதான் பழக முடியும். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் எல்லோரும் அதே பக்கம் சாய்ந்தால் மரங்களைப் பற்றிக் கேள்வி கேட்க ஆளில்லாமல் போகிறது. அந்தக் குறையை நான் பல காலமாகப் பார்த்து வருகிறேன்.

மாமரத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு வருடம் காய்த்துக் கொட்டும், அடுத்த வருடம் ஓய்ந்து நிற்கும் பழக்கம் நம் மா ரகங்கள் பலவற்றில் உண்டு. நீலம் ஓரளவு ஆண்டுதோறும் காய்க்கும். எல்லா ரகமும் அப்படியில்லை. இந்த மரத்தில் ஒரு மாணவர் ஒரு வருடம் மட்டும் அளவெடுத்தால், அவர் பார்த்தது தான் கொடுத்த உரத்தின் பலனா, மரத்தின் முறை ஆண்டா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. இரண்டு வருடம் எடுத்தாலும் கிடைப்பது ஒரு காய்ப்பு ஆண்டும் ஓர் ஓய்வு ஆண்டும். எவ்வளவு நுணுக்கமான புள்ளியியலும் இந்த ஓட்டையை அடைக்காது. நான்கு, ஆறு வருடத் தரவு இருந்தால்தான் பேச முடியும்.

கல்டார் என்று நம் விவசாயிகள் சொல்லும் பாக்லோபுட்ரசால் விஷயமும் அப்படியே. மரத்தைச் சுற்றி மண்ணில் ஊற்றினால் தழை வளர்ச்சி அடங்கிப் பூ வருகிறது. ஓர் ஆண்டு ஆய்வில் அது அழகாகத் தெரியும். அட்டவணையும் அருமையாக அமையும். ஆனால் அந்த மருந்து மண்ணில் எளிதில் அழிவதில்லை. வருடா வருடம் ஊற்றிய மரம் எட்டாவது வருடத்தில் எப்படி இருக்கிறது, கிளைகள் குட்டையாகி மரம் களைத்துப் போகிறதா என்பதுதான் தோப்புக்காரர் கேட்கிற கேள்வி. இரண்டு ஆண்டு தீசிஸ் ஒன்றால் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

அப்படியானால் இந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த நல்ல விஷயங்கள் எப்படி வந்தன? அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

முருங்கையைப் பாருங்கள். நம் ஊர் வீட்டு முருங்கை போத்து வெட்டி நடுகிற மரம். விதை போட்டு நட்டு, அந்த வருடத்திலேயே காய் பறிக்கிற செடிமுருங்கை பெரியகுளத்திலிருந்து 1989-இல் பி.கே.எம். 1 என்ற பெயரில் வெளிவந்தது. அதன் மூலம் தூத்துக்குடி மாவட்டத்து எப்போதும்வென்றான் வட்டாரத்து முருங்கை. முருங்கை அயல் மகரந்தச் சேர்க்கைப் பயிர். தேனீயும் தச்சு வண்டும் பூவுக்குப் பூ மகரந்தத்தைக் கொண்டுபோகும். எனவே ஒரே மாதிரிச் செடி வேண்டுமென்றால் பூங்கொத்தை மலர்வதற்கு முன்பே உறை போட்டு மூடி, தன் மகரந்தமே தன் சூல்முடியில் சேரும்படி பார்த்துக்கொண்டு, அந்தக் காயின் விதையை மறுபடி நட்டு, அதிலும் தேர்ந்தெடுத்து, மறுபடி மூட வேண்டும். இப்படி ஆறு தலைமுறை செய்தார்கள். ஆறு தலைமுறை என்பது எந்த மாணவரின் இரண்டு ஆண்டிலும் அடங்காது. இன்று அந்த ரகம் ஆந்திரம், கர்நாடகம், மராட்டியம், குஜராத் என்று பரவி, ஆப்பிரிக்க நாடுகளிலும் பயிராகிறது.

அதோடு வேலை முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அயல் மகரந்தச் சேர்க்கைப் பயிர் என்பதால், பக்கத்தில் வேறு முருங்கை இருக்கிற தோட்டத்தில் எடுத்த விதை அடுத்த தலைமுறையிலேயே கலப்பாகிவிடும். அதற்கும் பி.கே.எம். 1 என்றே பெயர் சொல்லி விற்றால், வாங்கி நடுகிறவர் தோட்டத்தில் குட்டைக் காயும் நெட்டைக் காயும் கலந்து தொங்கும். ரகத்தை உருவாக்குவதற்கு எவ்வளவு பொறுமை வேண்டுமோ அவ்வளவு பொறுமை அதைத் தூய்மையாக வைத்திருப்பதற்கும் வேண்டும். அந்த வேலைக்கு விருது கிடைப்பதில்லை. ஆனாலும் யாராவது ஒருவர் ஒவ்வோர் ஆண்டும் அதைச் செய்துகொண்டே இருக்க வேண்டும்.

பப்பாளி இன்னொரு கதை. கோயம்புத்தூரின் கோ வரிசை 1972-இல் கோ 1 என்று தொடங்கியது. கோ 2 பழத்துக்கும் பால் எடுப்பதற்கும் ஆகும். பப்பாளியில் விவசாயிக்குப் பெரிய தொல்லை எது தெரியுமா? ஆண் செடி, பெண் செடி தனித்தனி. பூ வருகிறவரை எது எது என்று தெரியாது. குழிக்கு இரண்டு மூன்று நாற்று நட்டு, நாலைந்து மாதம் தண்ணீரும் உரமும் கொடுத்து, பூ வந்த பிறகு ஆணைப் பிடுங்கி எறிய வேண்டும். மகரந்தத்துக்காக அங்கங்கே சிலதை விட்டுவைக்க வேண்டும். கோ 2-ஐ ஹவாய்த் தீவு ரகமான சன்ரைஸ் சோலோவுடன் சேர்த்து 1983-இல் கோ 3 வந்தபோது இந்தத் தொல்லை பெருமளவு தீர்ந்தது. அதில் வருவது பெண் செடியும், ஆண் பெண் இரண்டும் ஒரே பூவில் இருக்கும் இருபால் செடியும்தான். இரண்டும் காய்க்கும். பிடுங்கி எறிய ஆண் செடி இல்லை. பிறகு 1997-இல் கோ 7. இந்த 25 ஆண்டு வரிசையில் ஒவ்வொரு படியிலும் முந்தைய ஆட்கள் பாதுகாத்து வைத்த செடிகளும் பதிவேடுகளும் இருந்தன. கோ 2-ஐ யாரோ பத்திரமாகப் பேணி வந்ததால்தான் கோ 3-க்குத் தாய்ச் செடி கிடைத்தது.

வாழையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம், ஏனென்றால் இது புத்தகத்தில் ஒரே வரியில் முடிந்துவிடுகிற வேலை. பழனி மலைச்சாரலிலும் சிறுமலையிலும் விளைகிற விருப்பாட்சி வாழையை முடிக்கொத்து நோய் தின்றது. அசுவினி பரப்புகிற வைரஸ் நோய். அந்த ருசியோடு சமவெளியிலும் வளரக்கூடிய வாழை வேண்டும் என்று இறங்கினார்கள். லாடன் வாழையைக் காட்டு வாழையான மூசா பல்பிசியானாவுடன் கலந்து, அதில் வந்ததைக் கதலியோடு கலந்து, கோ 1 வாழையை 1980களில் கொண்டுவந்தார்கள். சொல்ல எளிது.

ஆனால் நாம் சாப்பிடும் வாழையில் விதை கிடையாது. மகரந்தமும் பெரும்பாலும் வீரியமற்றது. கலப்பு செய்கிறவர் விடிந்தும் விடியாமல் தோப்புக்குப் போக வேண்டும். குலையின் மேல் சீப்புகளில் பெண் பூக்கள் விரிந்திருக்கும் நேரம் அது. ஏணி வைத்து ஏறி, காட்டு வாழையின் ஆண் பூவிலிருந்து எடுத்த மகரந்தத்தை, பிசுபிசுவென்று இருக்கும் சூல்முடிகளில் ஒவ்வொரு பூவாகத் தடவ வேண்டும். துணிப்பை கட்டி, சீட்டில் தேதியும் தாய் தந்தை எண்ணும் எழுதித் தொங்கவிட வேண்டும். நாளை அடுத்த சீப்பு. அதற்கடுத்த நாள் அதற்கடுத்தது. மூன்று நான்கு மாதம் கழித்துக் குலை பழுத்ததும் ஒவ்வொரு பழமாக உரித்து, தண்ணீரில் பிசைந்து, விரல் நுனியால் விதை தட்டுப்படுகிறதா என்று தேட வேண்டும். ஒரு குலை முழுக்கப் பிசைந்தும் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். கிடைக்கிற மிளகளவு விதையும் உள்ளே கரு இல்லாத வெற்று விதையாக இருக்கலாம். கரு உள்ள விதையும் மண்ணில் சுலபமாக முளைக்காது. கருவைத் தனியே எடுத்துச் சோதனைச்சாலையில் வளர்க்கிற வழக்கம் அதனால்தான் வந்தது. முளைத்த ஒரு கன்று குலை தள்ள ஒரு வருடம். அது நன்றாக இருந்தால் அடுத்த கலப்பு. இப்போது சொல்லுங்கள், இதில் எந்த இடத்தில் வெட்டி இரண்டு ஆண்டு தீசிஸ் ஆக்குவீர்கள்?

வெட்டலாம் என்பதுதான் என் பதில். ஒருவர் மகரந்தத்தின் வீரியத்தைப் பார்க்கலாம். அடுத்தவர் எந்த ஜோடியில் விதை பிடிக்கிறது என்று பார்க்கலாம். இன்னொருவர் கருவை வளர்க்கும் முறையைச் செம்மைப்படுத்தலாம். அடுத்து வருகிறவர் அந்தக் கன்றுகளை வயலில் நட்டு நூற்புழுவுக்குத் தாங்குகிறதா என்று சோதிக்கலாம். ஒவ்வொன்றும் தனித் தீசிஸ், ஆனால் நான்கும் ஒரே மரத்துக் கிளைகள். இப்படித் தொடர்ச்சி வேண்டும் என்றால் துறை ஒரு திட்டத்தோடு இருக்க வேண்டும். மாணவர் அந்தத் திட்டத்தில் தன் இடம் எது என்று தெரிந்து சேர வேண்டும். புதுத் தலைப்பு வேண்டும், இதுவரை யாரும் தொடாத தலைப்பு வேண்டும் என்று ஒவ்வொருவரும் தேடி ஓடினால் இது நடக்காது.

தொடர்ச்சிக்கு எடுத்துக்காட்டு தேடி வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. கோயம்புத்தூரிலேயே நிரந்தர உரப் பரிசோதனை வயல் ஒன்று 1909-இல் தொடங்கி இன்றுவரை நடக்கிறது. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் நிலையத்தில் 1843-இல் தொடங்கிய பரிசோதனையின் வழியில் அமைத்தது. ஒரே துண்டு நிலத்துக்கு ஒரே வகை உரத்தை ஆண்டாண்டாகக் கொடுத்து, மண்ணில் என்ன மாறுகிறது என்று எழுதி வருகிறார்கள். 1925-இல் இறவை நிலத்தில் இன்னொன்றும் தொடங்கினார்கள். அந்த வரப்பில் நின்று தீசிஸ் எழுதிய மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு. தொடங்கியவர்கள் யாரும் இன்று இல்லை. வயல் இருக்கிறது, பதிவேடு இருக்கிறது. அது மண்ணியல்காரர்களின் சொத்து. மாவுக்கும் பலாவுக்கும் கொய்யாவுக்கும் அதே போல ஒரு நிரந்தரத் தோப்பும், அறுபட்டுப் போகாத பதிவேடும் ஒவ்வொரு தோட்டக்கலைக் கல்லூரியிலும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கோரிக்கை. மேடையில் இருக்கும் பேராசிரியர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

மைனர் பாடம் என்று ஒன்று எடுப்பீர்கள். எட்டு கிரெடிட். பலர் சுலபமான பாடம் எது என்று விசாரித்து எடுக்கிறார்கள். ஒரு நிகழ்ச்சியை மட்டும் நினைவுபடுத்துகிறேன். 2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்தது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று எதையும் விடவில்லை. மருந்து அடித்து அடித்து விவசாயிகள் ஓய்ந்தார்கள். 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவிகளை விட்ட பிறகுதான் அது அடங்கியது. அன்று தோட்டத்துக்குப் போய் நின்ற தோட்டக்கலைக்காரர்களில் பூச்சியியலும் தெரிந்தவர்களால், மருந்தை நிறுத்துங்கள், குளவி செத்துவிடும் என்று தைரியமாகச் சொல்ல முடிந்தது. உங்கள் மைனர் பாடத்தை அந்த அக்கறையோடு தேர்ந்தெடுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை எம்.எஸ்சி. முடித்தால் வேலை என்ன என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். டி.என்.பி.எஸ்.சி. வழியாகத் தோட்டக்கலை அலுவலர் பணி உண்டு. நெட் தேர்வு எழுதி உதவிப் பேராசிரியர் பணிக்குப் போகலாம். வங்கியில் விவசாய அலுவலர், விதை நிறுவனம், நர்சரி, ஏற்றுமதி, பழம் பதப்படுத்தும் தொழில் என்று வழிகள் இருக்கின்றன. ஆனால் அந்தத் தேர்வுகளுக்குப் படிக்க ஒரு விடுதி அறை வேண்டும் என்பதற்காக மட்டும் முதுநிலையில் சேர்ந்து, ஆய்வு வயலைக் கூலியாட்களிடம் ஒப்படைத்துவிட்டு நூலகத்தில் பொது அறிவுப் புத்தகம் படிக்கிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் நெருக்கடி எனக்குப் புரிகிறது. இருந்தும் சொல்கிறேன்: வயலுக்குப் போகாத தோட்டக்கலைக்காரரிடம் நாளை ஒரு விவசாயி கேள்வி கேட்டால், இலையைக் கையில் வாங்கிப் பார்த்துப் பதில் சொல்ல அவரால் முடியாது. காலை ஆறு மணிக்கு ரிஃப்ராக்டோமீட்டரையும் வெர்னியரையும் எடுத்துக்கொண்டு போகிற உங்கள் மகளைத் தடுக்காதீர்கள். தேர்வுக்கும் நேரம் இருக்கும்.

மாணவர்களே, உங்கள் வயலில் வேலை செய்கிற பண்ணைத் தொழிலாளர்களிடம் பேசுங்கள். எந்த மரம் முதலில் பூக்கும், எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், போன மழைக்கு எந்த வரிசை வாடியது என்பது பதிவேட்டில் இல்லாவிட்டாலும் அவர்களுக்குத் தெரியும். அவர்கள் சொல்வதைத் தேதி போட்டு உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பிளாக் எப்படிப் பிரிக்க வேண்டும் என்பதற்கே அந்தச் செய்தி உதவும்.

அடுத்தது மொழி. தீசிஸ் ஆங்கிலத்தில் எழுதுகிறீர்கள். அது கிருஷிகோஷ் என்ற தேசிய மின்களஞ்சியத்தில் போய்ச் சேர்கிறது. உலகில் எங்கிருந்தும் ஆராய்ச்சியாளர் எடுத்துப் படிக்கலாம், நல்லது. ஆனால் நீங்கள் அளவெடுத்த மல்லிகைத் தோட்டத்தின் சொந்தக்காரரால் அதைப் படிக்க முடியாது. இரண்டு பக்கம் தமிழில் எழுதுங்கள். என்ன செய்தேன், என்ன கண்டேன், எது பலிக்கவில்லை என்று மூன்று கேள்விக்கும் பதில் இருக்கட்டும். பலிக்காததையும் எழுத வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஏனென்றால் அது தெரிந்தால் விவசாயி அந்தச் செலவைச் செய்யமாட்டார். பல்கலைக்கழகத்தின் ‘உழவரின் வளரும் வேளாண்மை’ இதழ் இருக்கிறது. அதற்கு அனுப்புங்கள். எழுதி முடித்ததும் முதல் பிரதியை அந்தத் தோட்டக்காரர் கையில் கொடுங்கள்.

விவசாயிகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் தோப்பில் இருபது முப்பது வயது மரங்கள் இருக்கின்றன. கல்லூரிப் பண்ணையில் இல்லாத வயது. அந்த மரங்களில் ஒரு வரிசையை ஆய்வுக்கென்று ஒதுக்கிக் கொடுங்கள். மாணவர் மாறிக்கொண்டே இருப்பார். மரம் உங்களுடையதாகவே இருக்கும். எந்த வருடம் எவ்வளவு காய்த்தது என்று நீங்களும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பத்து வருடத்துக் காய்ப்புக் கணக்கு வைத்திருக்கும் தோப்புக்காரரால் ஒரு பல்கலைக்கழகத் துறைக்கே பாடம் சொல்ல முடியும்.

மாணவ மாணவியரே, நேரம் முடிந்துவிட்டது. இரண்டு ஆண்டு கழித்து நீங்கள் வைவா முடித்துவிட்டுப் போகிற நாளில், உங்கள் வயலின் வரைபடம், ஒவ்வொரு மரத்தின் எண், நட்ட தேதி, எடுத்த அளவுகள், குளறுபடியான இடங்கள் அனைத்தையும் எழுதிய நோட்டை உங்கள் கைடு மேசையில் வைத்துவிட்டு மட்டும் போகாதீர்கள். அடுத்து அந்த வயலுக்கு வருகிற ஜூனியரை வரிசை வரிசையாகக் கூட்டிக்கொண்டு நடந்து, சீட்டு விழுந்த மரங்களுக்குப் புதுச் சீட்டு கட்டி, நோட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள். இந்த ஒன்றைச் செய்வீர்கள் என்று உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.